சுவாத்தியாயம் என்னும் கடன்

நூல் வாசிக்காதவர் நல்லவராக வாழ இயலாதா? இயலும். எழுத்தறியாத எத்தனையோ பெரியோர் நம் இல்லங்களிலேயே வாழ்ந்து மறைந்திருக்கின்றனர். பல நூல்களைக் கற்றும் அகந்தை தணியாதவர்களையும் நாம் அறிவோம். அவ்வாறாயின் நாள்தோறும் வாசித்தலை ஓர் ஒழுக்கமாக நம் முன்னோர் வகுத்தது எதனால்? பதஞ்சலி முனிவர் கூறும் ஐந்து நியமங்களுள் தூய்மை, மனநிறைவு, தவம் ஆகியவற்றை அடுத்து நிற்பது சுவாத்தியாயம். அதன் பின்னரே இறைவனிடம் சரணடைதல் கூறப்படுகிறது. அறிவைப் பெருக்கும் வழிகளுள் ஒன்றாக மட்டும் அவர் வாசிப்பைக் கருதியிருந்தால், அதற்கு இத்தகைய இடம் கிடைத்திராது.

இவ்வினாவுக்கு விடை தேட, நம் தேசத்தின் ஒரு சிறு தீவுக்குச் செல்வோம்.

எழுத்து வந்த தீவு

பத்துப் பாகைக் கால்வாய்க்குத் தெற்கே, நிக்கோபார் தீவுகளின் வடகோடியில் உள்ளது கார் நிக்கோபார். ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்பும் தென்னை அடர்ந்த சமநிலமும் கொண்டது. அங்கு வாழும் நிக்கோபார் மக்களின் மொழிக்கு நெடுங்காலம் எழுத்து இல்லை. அதனால் அவர்கள் வாழ்வு குறைவுபட்டதாக இருந்தது என்று எண்ணிவிடலாகாது. ‘தூஹெத்’ எனப்படும் கூட்டுக்குடும்பத்தில் நிலத்தையும் தோப்பையும் பகிர்ந்து வாழும் பண்பு அவர்களுடையது. அறிவு முழுவதும் மூத்தோரின் நினைவில் இருந்தது. செவிவழியே அது அடுத்த தலைமுறையை அடைந்தது.

1890களில் அத்தீவின் முஸ் என்னும் ஊருக்கு வேதப்பன் சாலமன் என்ற தமிழர் வந்தார். கிறிஸ்தவ உபதேசியாரான அவர் ஆங்கில அரசின் முகவராகவும் இருந்தார். சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தினார். தாம் கண்டவற்றை நாட்குறிப்பாக எழுதி வந்தார். அக்குறிப்புகளின் பகுதிகள் 1902ஆம் ஆண்டில் இலண்டன் மானிடவியல் ஆய்விதழ் ஒன்றில் அச்சேறின.

அவரிடம் பயின்ற நிக்கோபார் சிறுவர்களுள் ஒருவர் ஹாச்சேவ்கா. பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன் என்று அறியப்பட்டவர் இவரே. பர்மாவின் மாண்டலே நகரில் கல்வி கற்ற அவர், தம் மக்களுக்குக் கற்பிக்கத் தீவுக்கே திரும்பினார். உரோமானிய எழுத்துகளைக் கொண்டு எழுதப்பட்ட தம் தாய்மொழியில், தம் சமய நூலான புதிய ஏற்பாட்டைப் பெயர்த்தார். 1950இல் பேராயரானார். 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண் விருதுகளைப் பெற்று, 1978இல் மறைந்தார்.

மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்ட எனக்கு இச்செய்தி வியப்பைவிட வெட்கத்தையே மிகுதியும் தந்தது. ஒரு சொல்லுக்கு நிகரான சொல் கிடைக்காதபோது நான் அகராதிகளைப் புரட்டுகிறேன். முன்னோர் பெயர்ப்புகளை ஒப்பிடுகிறேன். நூல் மரபே இல்லாத ஒரு மொழியில், பாலைவனத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் கண்டிராத மக்களுக்காக எழுதியவருக்கு என்ன துணை இருந்திருக்கும்? ஒரு நூலைத் தம் மக்கள் கையில் கொடுக்க அவர் பல்லாண்டுகள் உழைத்தார். நம் அலமாரிகளிலோ நூல்கள் பல ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் இருக்கின்றன.

கேள்வியா, வாசிப்பா?

நூலைப் பற்றிய ஐயம் புதிதன்று. பிளேட்டோவின் ‘பைத்ரஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் இரு குறைகளைச் சுட்டுகிறார்: எழுத்தை நம்பினால் நினைவாற்றல் குன்றும், வினவினால் ஏடு விடை தராது. திருவள்ளுவரும் கல்விக்கு 40ஆம் அதிகாரத்தை அளித்த பின், கேள்விக்கென்று 42ஆம் அதிகாரத்தைத் தனியே அமைத்தார். செவியால் பெறும் அறிவின் உயர்வை நம் மரபு ஒருபோதும் மறுத்ததில்லை.

எனினும் கேள்விக்கு ஓர் எல்லை உண்டு. சொல்பவர் நம்முன் இருக்க வேண்டும். மூத்தவர் ஒருவர் மறைந்தால், அவர் சொல்லாமல் விட்டவை அவருடனே மறையும். வாசிப்பு என்பது, நம்முன் இல்லாதவருக்கும் செவிகொடுக்கும் கேள்வியே ஆகும். மேலும், உரையாடலில் நாம் இடைமறிக்கிறோம். பிறர் பேசி முடிப்பதற்குள் மறுமொழியை ஆயத்தம் செய்கிறோம். நூலின் முன் அது இயலாது. ஆசிரியர் தம் கருத்தை முடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும். ஏடு விடை தராது என்ற குறையே இங்கு ஒரு பயிற்சியாகிறது. நாள்தோறும் சிறிது நேரம் ‘நான்’ மௌனமாக இருக்கப் பழகுகிறது.

தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்க்கும் கடன்பட்டே மனிதன் பிறக்கிறான் என்பது வேத மரபு. ரிஷிகளுக்குரிய கடன் கற்பதாலும் கற்பிப்பதாலும் தீரும். முஸ் ஊரில் நிகழ்ந்ததும் இதுவே. ஒருவர் கற்பித்தார், கற்ற சிறுவர் வளர்ந்து, தாம் பெற்றதைத் தம் மக்களின் மொழியிலேயே திருப்பியளித்தார். ஆகவே, ‘வாசிப்பதால் எனக்கு என்ன கிடைக்கும்?’ என்ற வினாவுக்கு முன், ‘நான் யாரிடம் பெற்றிருக்கிறேன்?’ என்ற வினா எழ வேண்டும். எழுத்தறியாத நல்லோர் தாம் கேட்டதை வாழ்ந்து காட்டி அக்கடனைத் தீர்த்தனர். எழுத்தறிவு பெற்ற நமக்கு அதற்குரிய வழி இன்னும் அகலமானது. பொறுப்பும் அதற்கேற்பக் கூடுகிறது.

பழக்கம் உருவாகும் வழி

இங்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாக நான் நாள்தோறும் நூல்களோடு இருந்தேன், ஆனால் வாசிக்கவில்லை. மொழிபெயர்க்க வேண்டிய பக்கங்களையே பார்த்தேன். சொற்கள் மறு மொழிக்குச் சென்றன; என்னுள் தங்கவில்லை. ஒருநாள் அன்பர் ஒருவர், நான் பெயர்த்த நூலிலிருந்தே ஒரு கருத்தைக் கூறி விளக்கம் கேட்டார். அதை முதன்முறையாகக் கேட்பவன்போல் நின்றேன். அன்று முதல், பணிக்குத் தொடர்பில்லாத ஒரு நூலில் நாளும் நான்கு பக்கம் என்று தொடங்கினேன்.

பழக்கம் எவ்வாறு வேரூன்றுகிறது என்பதை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்தனர். அவ்வாய்வு 2010இல் ஆய்விதழில் வெளியாயிற்று. ஒரு செயல் தன்னியல்பாக நிகழச் சராசரியாக 66 நாட்கள் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையே ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு நேரவில்லை. சாதகனுக்கு இது ஆறுதலான செய்தி. ஒருநாள் விடுபட்டது என்று மனம் தளர்ந்து முழுவதையும் கைவிடுவதே உண்மையான தவறு.

ஆகவே, நாள்தோறும் தவறாது நிகழும் ஒன்றோடு வாசிப்பை இணைத்துவிடுங்கள். காலைக் காப்பிக்குப் பின், அல்லது மாலை விளக்கேற்றிய பின். இடம் ஒன்றாக இருக்கட்டும். நூலும் முடியும்வரை ஒன்றாகவே இருக்கட்டும். கைப்பேசி வேறோர் அறையில் இருக்கட்டும். பத்து நிமிடம் போதும். மூடியபின் ஒரு நிமிடம், வாசித்ததைத் தமக்குத் தாமே சொல்லிப் பாருங்கள். வீட்டில் சிறுவர் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். வாசிப்பு அப்போது மீண்டும் கேள்வியாகிறது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கடலோர ஊர்களை அழித்தது. உயிர்களும் வீடுகளும், வீட்டிலிருந்த அனைத்தும் நீரில் சென்றன. எந்த அலமாரியும் நிலையானதன்று. நாளும் சிறிது சிறிதாக நம்முள் சேர்ந்தது எதுவோ, அதுவே எஞ்சும். நம் வீட்டு அலமாரியில் காத்திருக்கும் ஒரு நூலை இன்று எடுத்துத் திறப்போம்.