உணவும் பற்றும்

உணவின்றி உடல் நில்லாது என்பது தம்மம் பயில்வோர் தொடக்கத்திலேயே அறியும் பாடம். அவ்வுணவு செல்லும் வழியே அடைபட்டால் செய்யத்தக்கது யாது? நோய் தீராதென அறிந்தும் அவ்வழியைத் திறந்து வைப்பது கருணையா, அன்றி உயிர்ப்பற்றை வளர்க்கும் செயலா? இவ்வினாவை அன்பர்கள் அமைதியாக ஆராய்தல் வேண்டும்.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுடையது. அதில் புற்று வளருங்கால் முதலில் கட்டியான உணவும், பின்னர்க் குழைந்த சோறும், அதன்பின் கஞ்சியும், முடிவில் உமிழ்நீரும் இறங்காமற் போகும். 1885ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் சார்ட்டர்ஸ் சைமண்ட்ஸ் இத்தகைய அடைப்பினூடே குழாயொன்றைப் பொருத்திய செய்தியை வெளியிட்டார். இப்பொழுது நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகக் கம்பிகளால் பின்னிய வலைக்குழாய் பெரிதும் பயன்படுகிறது. இதனை ஸ்டென்ட் என்பர். சுருக்கிய நிலையில் வாய்வழியே செலுத்தி உரிய இடத்தில் விட்டால், அது தானே விரிந்து ஓரிரு நாளில் வழிவிடும். அது நோயை நீக்குவதன்று. விழுங்கும் ஆற்றலை மீட்டுத் தருவது.

புனே நகருக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லாவில், முட்டா ஆற்றின் அணைக்கரையில், விடுமுறை நாட்களில் மக்கள் திரண்டு சுட்ட சோளக்கதிரும் வெங்காயப் பஜ்ஜியும் உண்டு மகிழ்வர். அப்பகுதி இல்லங்களில் சோளரொட்டியாகிய பாக்கரி பழகிய உணவு. அங்கு வாழும் ஒருவர்க்கு இக்குழாய் பொருத்தப்பெற்றதாகக் கொள்வோம். ஊரார்க்கு இன்பமாகிய அவ்வுணவுகள் அவர்க்கு இடராகும்; மெல்லாது விழுங்கிய ரொட்டித்துண்டு ஒன்றே வழியை மீண்டும் அடைத்துவிடும். குழைந்த சோறு, பருப்பு, தயிர் முதலியவற்றை அவர் நிமிர்ந்திருந்து, சிறு கவளங்களாக உண்டு, இடையிடையே நீர் பருகவேண்டும். குழாயின் அடிமுனை இரைப்பைக்குள் நீண்டிருப்பின் புளிநீர் மேலெழும். ஆதலின் தலைப்பக்கம் உயர்ந்த படுக்கையிலேயே துயிலவேண்டும். இவ்வளவு பேணியும் குழாய் நழுவலாம். புற்று அதன் விளிம்பைக் கடந்து வளரலாம்.

"அனைத்தும் அநித்தியம் என்போர்க்கு இத்துணை முயற்சி ஏன்?" என்று சிலர் வினவலாம். மிலிந்த பன்ஹாவில் மன்னன் இதனையொத்த ஐயத்தையே எழுப்புகிறான். உடல் துறவிக்கு அருமையானதன்றெனில் அதனைப் பேணுவானேன் என்பது அவன் வினா. போரில் அம்புபட்ட புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுவது அப்புண்ணின்மேல் கொண்ட ஆசையாலன்று என்று நாகசேனர் விளக்குகிறார். ததாகதரும் கடும் பட்டினியைக் கைவிட்டு, சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்ற பின்னரே போதியை எய்தினார் என்பது மரபு. பசியினால் வாடும் உள்ளத்திற்குத் தெளிவு அரிது. ஆகவே, எஞ்சிய நாட்களைத் தெளிவோடு கழிக்க உதவும் குழாய் பற்றின் கருவியன்று.

ஆயினும் பற்று வேறொரு வாயிலால் நுழைதல் கூடும். "குழாய் வைத்தாயிற்று, நோய் தீர்ந்தது" என்று நோயாளியிடம் பொய்யுரைக்கும் குடும்பங்கள் உண்டு. அன்பினால் எழுந்த பொய்யாயினும் நான்காம் சீலத்தை அது மீறுகிறது, தீங்கும் விளைக்கிறது. நலமடைந்தேன் என நம்பியவர் முன்போலவே உண்பார், வழி அடைபடும். அதனினும் பெரிது ஒன்றுண்டு: தம் கடன்களை முடிக்கவும், பிரிந்தவரோடு ஒப்புரவாகவும் அவர்க்குரிய காலத்தை அப்பொய் கவர்ந்துகொள்கிறது.

"இன்னும் ஒரு வாய்" என வற்புறுத்துவதும் இத்தகையதே. மணிமேகலை ஏந்திய அமுதசுரபி காயசண்டிகையின் யானைத்தீ நோயைத் தணித்தது. அங்கு ஈகைக்கு அளவாக நின்றது ஏற்பவளின் பசி. நோயாளி போதும் என்றபின் ஊட்டும் கவளம் ஊட்டுபவரின் அச்சத்தையே தணிக்கிறது.

குழாய் மீண்டும் அடைபட்டு, மற்றொன்று வைக்கலாமா என மருத்துவர் கேட்கும் நாளும் வரலாம். அப்பொழுது நோயாளி வேண்டும் என்றாலும் வேண்டா என்றாலும் அது அவர் முடிவாகவே இருக்கட்டும். உண்மையை முன்னரே அறிந்தவர்தாம் அவ்வினாவிற்கு விடை கூறவியலும். ஆதலின் அன்பர்களே, உற்றவர் நோயுறுங்கால் மருந்தை நாடுங்கள். அதனோடு உண்மையையும் மென்மையான சொற்களால், அவர் தாங்குமளவு, தவறாது கூறுங்கள்.