நகர வாழ்வில் தூய்மை

உடம்பை ஓம்புதல் உயிர் உய்தற்கு ஏதுவாம் என்பதில் சைவ நன்மக்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் ஆன்மாக்கள் மலம் நீங்கி வீடுபெறும் பொருட்டு இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்தருளியன என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. ஆகலின் உடம்பை இழித்து ஒதுக்குதலும், உலகைப் பொய்யென்று தள்ளுதலும் நம் நெறிக்கு ஒத்தன ஆகா. இதனை உளங்கொண்டு, இக்காலத்துப் பெருநகரங்களில் பரவிவரும் நல்வழக்கம் ஒன்றனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

சென்னை முதலிய நகரங்களில் கற்றார் பலர் வைகறையில் எழுந்து உலாவுகின்றனர். ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் பழகுகின்றனர். தீட்டிய அரிசியைக் குறைத்து வரகு, சாமை, தினை என்பவற்றை உண்கின்றனர். இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இடாது விளைந்த காய்களைத் தேடி வாங்குகின்றனர். மாடியில் செடி கொடிகளை வளர்க்கின்றனர். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டினைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும் இதற்கு ஊக்கம் தந்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கனவே. சைவ உலகிற்கு இது புதியதும் அன்று. 1911-ல் நகரின் நெருக்கத்தை விட்டுப் பல்லாவரத்திற் குடிபுகுந்த மறைமலையடிகள், மக்கள் நூறாண்டு உயிர்வாழ்தற்குரிய வழிகளைப்பற்றி ஒரு பெருநூலே இயற்றியிருத்தலை அன்பர்கள் அறிவர்.

நாம் வினவப் புகுவது வேறு. தம் உடம்பையும் இல்லத்தையும் தூய்மையாக வைத்துக்கொண்ட ஒருவர், அத்தூய்மையின் பொருட்டுத் தம்மிடத்தினின்றும் நீக்கிய அழுக்கு எங்கே சென்று தங்குகின்றது, யாருடைய மூச்சிற் கலக்கின்றது என்பதனை நினையாதிருப்பராயின், அவரைத் தூயர் என்று கூறுதல் பொருந்துமோ?

சிற்றூரில் இவ்வினா எழுவதற்கு இடம் குறைவு. அங்கே வாழையிலை மாட்டிற்கும், சாணமும் சருகும் எருக்குழிக்கும், குழியிலுள்ளது வயலுக்கும் சென்றன. கழித்தவன் கண்ணெதிரிலேயே கழிவு மண்ணாயிற்று. நகரத்திலோ வாயிலில் வைத்த கூடை காலையில் வெறுமையாகின்றது. அதனோடு நினைவும் வெறுமையாகி விடுகின்றது. சென்னை மாநகரம் நாள்தோறும் கழிப்பது ஐயாயிரம் டன்னுக்கு மேற்பட்ட குப்பை. அதிற் பெரும்பகுதி பல ஆண்டுகளாக வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் கொட்டப்பட்டு மலைகளாயிற்று. பெருங்குடிக் குப்பைமேடு எழுந்த இடம் பாழ்நிலம் அன்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி. தென்சென்னை ஏரிகளின் மிகுநீரெல்லாம் அச்சதுப்பில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவின் வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலிற் கலக்கும். மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையிற் கொடுக்கும் அந்நிலத்தைக் குப்பைத்தொட்டி ஆக்கிய நகரம், 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்தது. 2019 சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் வரவழைத்தது. அவ்விரண்டிற்கும் வேறு காரணங்களும் உள. ஆயினும் நீர் நிற்றற்குரிய இடத்தை அழித்தது அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

குப்பை எரிவது எதனால் என்பதனையும் சிறிது காண்போம். நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி சோறும் காய்த்தோலும் இலையும் பூவுமாகிய ஈரப்பொருள். அவை காற்றுப்பட மக்கினால் எருவாம். நெகிழிப் பையில் முடிச்சிடப்பட்டுக் குப்பையின் கீழ்ப் புதைந்தால் காற்றின்றி அழுகி மீத்தேன் என்னும் வாயுவை உண்டாக்கும். அது தீப்பற்றும் இயல்பினது. வானில் தங்கி வெப்பத்தைப் பிடித்து வைப்பதில், நூறாண்டுக் கணக்கில், கரியமிலவாயுவினும் ஏறத்தாழ 28 மடங்கு வலியது. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதும் அதே ஆண்டில்தான். பின்னர் அம்மேட்டை அகழ்ந்து, சலித்து, மண்ணையும் நெகிழியையும் வேறுபடுத்தும் பணி நடைபெற்றது. இத்தகைய அகழ்வில் பல்லாண்டு புதைந்து கிடந்த நெகிழிப்பைகள் பெரும்பாலும் மக்காமலே வெளிவருகின்றன.

சித்தாந்தம் பயின்றார்க்கு இதனைக் காணுந்தோறும் வினையின் முத்திறம் நினைவிற்கு வரும். பல பிறவிகளில் ஈட்டிக் குவித்து வைத்தது சஞ்சிதம். அதினின்றும் இப்பிறவிக்கு நுகர்ச்சியாய் வந்தது பிராரத்தம். நுகருங்கால் மேலும் ஏறுவது ஆகாமியம். பெருங்குடி மேடு சஞ்சிதம் போன்றது. அதினின்றெழும் புகை பிராரத்தம் போன்றது. இன்று காலை நம் வாயிலில் வைத்த கூடை ஆகாமியம் போன்றது. ஆயின் உவமை ஒருபுடை ஒப்புமையே ஆகலின், அது பிறழும் இடத்தையும் காட்டுதல் கடன். வினையில், செய்தவனே பயனை நுகர்வான். ஈண்டோ செய்தவர் மயிலையிலும் அடையாற்றிலும் நல்ல காற்றில் உலாவிக்கொண்டிருப்ப, மேட்டின் அருகே குடிசையில் வாழ்வார் புகையை உண்கின்றனர். தன் செயலின் பயன் பிறனொருவன் வாயிற் சென்று விழும்படி ஒருவன் ஏற்பாடு செய்துகொள்ள இயலுமாயின், அதனை அவன் நலவாழ்வு என்று பெயரிட்டழைத்தல் எங்ஙனம் கூடும்?

ஈண்டு ஒருசாரார், புகையை நுகர்வார் தத்தம் வினைப்பயனையே நுகர்கின்றனர், அதற்கு நாம் யாது செய்வோம் என்பர். இக்கூற்று நம்மிடையே வாயளவில் எளிதாய் வழங்குவது. ஆகவே சற்று நின்று ஆராயத்தக்கது. அவரவர்க்கு வருவது அவரவர் வினைவழி வருவதென்பதும், ஊட்டுவான் இறைவன் என்பதும் உண்மையே. ஆனால் அவ்வினை வருதற்கு வாயிலாய் நின்றவன், அறிந்தும் முனைப்பினாற் செய்த செயலுக்கு அவனுக்கு ஆகாமியம் ஏறுதல் தப்பாது. பிறன் வினையைக் காட்டித் தன் வினையைக் கழித்துக்கொள்ளுதற்குச் சித்தாந்தத்தில் இடமே இல்லை. மேலும், பசித்து வந்தாரை நோக்கி, இப்பசி நும் வினைப்பயன் என்று கூறி நம் மடங்கள் அடுக்களையை மூடியதுண்டோ? சோற்றின்கண் ஏற்காத நியாயத்தைப் புகையின்கண் மட்டும் ஏற்பது எவ்வாறு?

ஆசாரத்தைப் போற்றுவார் கருதவேண்டுவது பின்னும் ஒன்றுண்டு. கந்தைத் துணியையும் நெகிழியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கழிநீர்க் குழாயில் விடுகின்றோம், குழாய் அடைபடுகின்றது, அதனைத் திறக்க ஒருவன் உள்ளே இறங்க நேர்கின்றது. மலக்கழிவைக் கையால் அகற்றும் தொழிலைத் தடுத்து 1993-லும் 2013-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பாதாளச் சாக்கடையுள் இறந்தார் குடும்பத்திற்குப் 10 இலட்சம் ரூபாய் வழங்குக என்று 2014-ல் ஆணையிட்ட உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. சட்டங்களுக்குப் பின்னும் நச்சுக்காற்றால் மாண்டவர் பலர், தமிழ்நாட்டிலும் மாண்டனர். நாம் விடியலில் நீராடித் திருநீறணிந்து பூசையில் அமர்தற்குரிய தூய்மையை நமக்கு அளித்தவன் அவன். அவனைத் தீண்டத்தகாதவன் என்று விலக்கிய வழக்கம், தூய்மையைப்பற்றிய கருத்தே தலைகீழாயிற்று என்பதற்குச் சான்று.

இனி, கோடி மக்கள் நெருங்கிய பெருநகரில் யானொருவன் பிரித்து வைப்பதனால் ஆவதென்னை என்பாரும் உளர். வினை தலைக்குத் தலை தனித்தனி ஏறுவது. கோடிப்பேர் செய்தால் பகுத்துக் குறைவதன்று. இது சித்தாந்த விடை. உலகியல் விடையும் ஒன்று கூறுவோம். 2016-ல் வெளியான திடக்கழிவு விதிகள் மக்குவது, மக்காதது, கேடு தருவது என மூன்றாய் இல்லத்திலேயே பிரிக்கப் பணித்தன. ஒரு தெருவில் இருபது வீட்டார் பிரித்துக் கொடுத்தும், ஒரு வீட்டார் குழம்பு வடியும் பையைத் தாள்களின்மேல் எறிந்தால் அத்தாளெல்லாம் பயனற்றுப் போம். கெடுத்தற்கு ஒருவனே போதுமாயின், ஒருவன் செயல் சிறிதென்று கூறுவது எங்ஙனம்?

செய்யவேண்டுவதும் அரிதன்று. துளையிட்ட மண்தொட்டி ஒன்றில் காய்த்தோலை ஒரு படையும் உலர்ந்த சருகை ஒரு படையுமாக இட்டு, இடையிடையே கிளறிவந்தால், இரண்டு மூன்று திங்களில் நாற்றமில்லாத கரிய எருவாகும். சருகு கரிச்சத்தையும் தோல் தழைச்சத்தையும் கொடுக்க, காற்றை உண்ணும் நுண்ணுயிர்கள் மீத்தேனுக்கு இடங்கொடாது வேலையை முடித்துவிடுகின்றன. நாற்றம் எழுமாயின் சருகு போதவில்லை என்று கொள்க. கூடத்தில் அரைமணி நேரம் கண்மூடி அமர்ந்து மனத்தை ஒருமுகப்படுத்துவோர், அடுக்களையில் அந்தத் தோலை எத்தொட்டியில் இடுவது என்று ஒரு நொடி நினைத்தலையும் அப்பயிற்சியின் பகுதியாகக் கொள்ளலாம்.

நம் திருக்கோயில்களையும் மடங்களையும்பற்றிச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் 14 வகை 2019 சனவரி முதல் நாளிலிருந்து விலக்கப்பட்டன. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீட்கும் இயக்கமும் தொடங்கப்பெற்றது. விலக்கப்பட்டவற்றுள் தண்ணீர்ப் பொதியும், உணவு மேசைமேல் விரிக்கும் தாளும், நெகிழி பூசிய குவளையும் அடங்கும். இவை இன்னும் சில மாகேசுர பூசைப் பந்திகளிற் காணப்படுகின்றன. அபிடேகத்திற்குப் பால் வந்த உறைகள் பிராகாரத்தின் மூலையிற் குவிகின்றன. மாலைகளோ, வாழைநாரிற் கட்டியவை அருகி, நைலான் இழையிற் கட்டியவை மிகுந்துவிட்டன. நார் பூவோடு மக்கும், இழை மக்காது, இழையை உருவி எடுப்பாரும் இல்லை. ஆகவே பூவனைத்தும் குப்பை வண்டியில் ஏறிப் பொதுக்குப்பையோடு போகின்றது. நிருமாலியத்தை மிதித்தலும் கடத்தலும் குற்றமென்று கற்பிக்கும் நாம், அது குப்பைமேட்டில் நாயும் காக்கையும் மிதிக்கக் கிடப்பதனை எவ்வாறு பொறுத்திருக்கின்றோம்? நந்தவனத்தின் ஓரத்தில் ஒரு குழியும், மாலை கட்டுவாரிடம் நாரையே கேட்டு வாங்கும் வழக்கமும் இருப்பின், இறைவன் திருமேனியிற் கிடந்த பூ அவன் நந்தவனத்திற்கே எருவாய்த் திரும்பும். இதற்குப் பொருட்செலவு மிகுதியில்லை; வரும் குருபூசை நாளிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.