குயவர் கையும் சிறுவன் கையும்

ஒரு செயல் முற்றியவிடத்து, 'இதனைச் செய்தவன் யானே' என்று செருக்குவாரும், 'என்னால் ஆவதொன்றில்லை. எல்லாம் அவன் செயல்' என்று கைசோர்ந்திருப்பாரும் உலகிற் பலர். முன்னவர் கூற்று அகந்தையின்பாற்படும். பின்னவர் கூற்றுப் பணிவுபோலத் தோன்றும். ஆயினும் இவ்விரண்டும் உண்மையினின்று வழுவியனவாம். அஃது எங்ஙனமெனின், மட்கலம் வனையுந் தொழிலைக் கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

குடமாகிய காரியத்திற்கு மண் முதற்காரணம், திரிகையுந் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அருணந்தி சிவாசாரியர் தமது சிவஞானசித்தியாரில் மண்ணை மாயைக்கும், துணைக்கருவியைச் சத்திக்கும், குயவனை இறைவனுக்கும் ஒப்பிட்டு உலகத்தோற்றத்தை விளக்கியமை சைவநன்மக்கள் அறிந்ததே. இவ்வுவமையுள் உயிருக்கு இடம் யாதென வினவின், குடத்தைக் கொண்டு பயன் துய்ப்பவன் நிலையே அதற்குரியது எனலாம். தனு கரண புவன போகங்கள் உயிரின்பொருட்டே ஆக்கப்படுகின்றன வாதலின் அது பொருத்தமே. எனினும் துய்த்தலேயன்றி வினைசெய்தலும் உயிர்க்கு உண்டன்றோ? செய்யும் உயிர் செய்விக்கும் இறைவனோடு எங்ஙனம் நிற்கும் என்பதனைக் காட்டுதற்கு வேறோர் உவமை வேண்டும். அவ்வுவமை இக்காலத்துக் குடும்பங்கள் விடுமுறை கழிக்கும் ஓரிடத்தே கிடைக்கின்றது.

கருநாடக எல்லையை அடுத்த ஓசூர், மலைமீது சந்திரசூடேசுவரர் எழுந்தருளியுள்ள பழம்பதி. அவ்வூரை உள்ளிட்ட கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்து கண்ட இரும்புச் சான்றுகள் கி.மு. 2172ஆம் ஆண்டளவின என்று 2022இல் அறிவிக்கப்பெற்றது; கருப்பு சிவப்பு மட்கலங்களும் அவ்வகழ்வில் வெளிப்பட்டன. அத்துணைப் பழைய கலத்தொழில் நிகழ்ந்த நிலத்தில், இன்று கைக்கடிகாரமும் லாரியும் இருசக்கர வண்டியும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அவற்றில் வேலைசெய்வார் பலர்க்கு ஒரு முழுப்பொருளை முதலிலிருந்து முடிவுவரை தம் கையாலே செய்யும் வாய்ப்பில்லை. ஒருவர் ஒரு திருகாணியை முடுக்குவர், மற்றொருவர் ஓர் உறுப்பைப் பொருத்துவர். இத்தகையோர் பள்ளி விடுமுறையில் மக்களை அழைத்துக்கொண்டு சென்னைப்புறம் செல்லுங்கால், முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா என்னும் பண்பாட்டுக் காட்சியகத்தைக் காணலாம். தென்னாட்டு வீடுகளும் கைத்தொழில்களும் காட்டப்பெறும் அவ்விடத்தில், வருவோர் தாமே திரிகைமுன் இருந்து மண்ணை வனைந்து பார்த்தற்கும் இடமுண்டு.

அங்ஙனம் வனையுமிடத்து நிகழ்வதனைக் கருதுக. பிசைந்து காற்றுப்போக்கிய மண்ணுருண்டை திரிகையின் நடுவில் வைக்கப்படும். சிறுவன் கைவைத்த அளவில் அது ஒருபுறம் ஒதுங்கித் துள்ளும். மண் நடுவில் நில்லாதாயின் சுழற்சி மிகுந்தோறும் கோட்டமும் மிகும். ஆதலின் நடுநிறுத்தலே இத்தொழிலின் முதற்படியாம். குயவர் தம் கையைச் சிறுவன் கைமேல் வைத்து மெல்ல அழுத்துவர். மண் அடங்கி நிற்கும். பின்னர்ப் பெருவிரலை நடுவே இறக்கிக் குழித்து, உள்ளொரு கையும் புறத்தொரு கையுமாக ஏந்தி மேலிழுக்கச் சுவர் எழும். நூலால் அடியை அறுத்தெடுத்தவுடன், 'இது நான் செய்த கலம்' என்று சிறுவன் மகிழ்ந்து கூவுவன்.

அக்கூற்று மெய்யோ பொய்யோ? குயவர் கை நீங்கியிருப்பின் கலம் இல்லை. ஆதலின் அது முழுமெய்யன்று. சிறுவன் கை நீங்கியிருப்பின் கலம் உண்டாகலாம்; ஆயின் அஃது அவன் கலமன்று, அவன் கற்றதும் ஒன்றில்லை. ஆதலின் அது முழுப்பொய்யுமன்று. மண்மேற் பட்ட கை சிறுவனதே. அக்கையை நிறுத்திய திறம் குயவரது. இவ்விருவர் செயலையும் கலத்திலே வேறுபிரித்துக் காட்டுதல் எவர்க்கும் அரிது. நம் ஆசிரியர் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இருதிறம் கூறுவர். 'இவ்வாறு அழுத்துக' என்று சொல்லி விலகுதல் காட்டுதல் மாத்திரையே; உடனிருந்து தாமும் அழுத்துதல் காணுதலோடு ஒக்கும். இறைவன் உயிர்க்கு அறிவிப்பதோடு அமையாது, உயிரோடு உடனாய் நின்று தானும் அறிகின்றான் என்னும் நுட்பம் இவ்விரு கைகளிடத்தே எளிதின் விளங்கும்.

அற்றேல், கலம் கோணியவிடத்து அக்குற்றமும் குயவர்க்கு உரித்தாகாதோ எனின், ஆகாது. கோட்டம் சிறுவன் கைந்நடுக்கத்தால் வந்தது. குயவர் கை அதனைத் திருத்த வந்தது. சிறுவன் பிடிவாதமாய் இறுக அழுத்துவானாயின் சுவர் சாயும். நற்குயவர் அவனை வெகுளாது, சாய்ந்த மண்ணைத் திரட்டி மீளவும் நடுவில் வைப்பர். உயிர் தன் வினைக்குத் தானே உரியதாதலும், மீள மீள அதற்கு உடலளிக்கும் அருளும் இவ்வாறே கொள்ளற்பாலன. உவமை ஒருபுடையே ஒப்பது. குயவர் கை ஒருகால் தளரும், இறைவன் அருள் ஒருகாலும் தளராது.

இனி, இவ்வாராய்ச்சியால் ஒழுக்கத்திற்கு வரும் பயன் யாது? 'யானே செய்தேன்' என்பவன் தனக்குக் கைகொடுத்தவரை மறப்பன்; கார்த்திகைக்கு அகல் வாங்குங்கால் குயவரிடத்தே சில காசுக்கு வழக்கிடுவன். தில்லையில் ஓடு வனைந்து அடியார்க்கு அளித்த திருநீலகண்ட நாயனார் செய்த தொழில் அதுவே என்பதும் அவன் நினைவிற்கு வாராது. 'என் செயல் ஒன்றில்லை' என்பவனோ அவனினும் தீங்கு விளைத்தல் கூடும். 'ஆயிரவர் செய்யும் வண்டியில் என் பங்கு எம்மாத்திரம்' என்று தொழிற்சாலையில் ஒருவன் முடுக்காது விட்ட திருகாணி, நெடுவழியில் ஓர் உயிரைக் கொள்ளும். பங்கு சிறிதாயினும் கை அவனதே. எல்லாம் சிவன் செயல் என்பது கடமையினின்று நழுவுதற்குரிய சொல்லன்று. தன் கைமேல் வேறொரு கை இருத்தலை உணர்ந்து, நடுக்கந் தணிந்து, செவ்விதிற் செய்தற்குரிய சொல்லாம்.

வனைந்த கலத்தைச் சுடாது வீட்டிற்குக் கொணர்ந்து நீர் வார்ப்பின், அது கரைந்து மீளவும் சேறாம். சூளையில் செல்சியசு அளவில் ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தைக் கடந்து வெந்த பின்னரே நீருக்குக் கரையாத் திண்மை பெறும். 'நான் செய்தேன்' என்னும் சொல்லும் நன்றியறிவில் வேகாதவழிப் பசுங்கலமே. ஆதலின் அச்சொல்லைக் கூறும் மகனைப் பெற்றோர் மறுக்க வேண்டா. 'உன் கைமேல் இருந்த கை யாருடையது?' என்று வினவி, அக்குயவர்க்குக் கைகூப்பச் செய்தல் அவர்தங் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.