உயிரா? மானமா?

முதுகெலும்பின் அடியில், இரு இடுப்பெலும்புகட்கும் நடுவே, ஆப்பு வடிவில் ஓர் எலும்பு உண்டு. ஐந்து முள்ளெலும்புகள் இறுகி ஒன்றாகிய அதற்குச் சேக்ரம் என்று பெயர். இலத்தீன் மொழியிலே அதன் பொருள் 'புனித எலும்பு'! பெயரிலே புனிதம் இருந்தும் என்ன? புற்றுநோய் அங்கும் புகத் தயங்கவில்லை!

கருவிலே முதுகெலும்பு உருவாகுமுன் முதுகுநாண் என்றோர் இழை தோன்றிப் பின்னர் மறைகிறது. மறையாது தங்கிய உயிரணுக்கள் சில, பல்லாண்டு கழித்துக் கட்டியாகக் கிளம்புவதுண்டு. 1857இல் ஜெர்மன் அறிஞர் விர்ச்சோ இத்தகு கட்டியை நுண்ணோக்கியில் கண்டு விளக்கினார். 1894இல் ரிப்பெர்ட் அதற்குக் கார்டோமா என்று பெயரிட்டார். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவரையே அது தாக்குகிறது. "முன்வினைப் பயன்" என்று மூலையில் முணுமுணுப்போரைக் கேட்கிறேன்: கருவறையில் மறைய மறந்த உயிரணுவுக்கு ஏது வினை? ஏது பயன்?

அந்தக் கட்டி மெல்ல வளரும். வெறும் இடுப்புவலி என்றெண்ணித் தைலம் தடவியே காலம் கழியும். உண்மை புலப்படும்போது கட்டி பெருத்திருக்கும். மருந்துகட்கு அது எளிதில் மசிவதில்லை. அறுவையே முதன்மையான வழி. அதுவும் கட்டியைக் கீறாமல், சிதறாமல், சுற்றியுள்ள நல்ல தசையோடு முழுதாக எடுத்தல் வேண்டும். சிந்திய அணுக்கள் மீண்டும் முளைக்குமன்றோ!

இங்கேதான் சிக்கல். சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றலை, இல்லற இன்பத்தை ஆளும் நரம்புகள் அந்த எலும்பின் துளைகள் வழியேதான் செல்கின்றன. இரண்டாம் இணை நரம்புகளோடு மூன்றாம் இணையில் ஒன்றேனும் தப்பினால், பலருக்கு அடக்கும் ஆற்றல் எஞ்சும். இரண்டாம் இணையிலிருந்தே யாவும் அறுபட்டால், அது போய்விடும். நரம்பைக் காத்தால் நோய் திரும்பலாம். நோயை வேரறுத்தால் நரம்பு போகலாம். அமெரிக்காவில், உடலின் எப்பகுதியிலேனும் இந்நோய் கண்ட 400 பேரை ஆராய்ந்து 2001இல் வெளியான கணக்கு, ஐந்தாண்டுகளைக் கடப்போர் நூற்றுக்கு ஏறத்தாழ 68 பேர் என்றும், பத்தாண்டுகளைக் கடப்போர் 40 பேர் என்றும் மதிப்பிட்டது.

எதை இழப்பது? எதைக் காப்பது? யார் முடிவு செய்வது?

"உயிர்தான் பெரிது" என்பார் மருத்துவர். "அவரிடம் சொல்லாதீர்கள், மனம் உடைந்துவிடும்" என்று காதைக் கடிப்பர் உறவினர். மயிரொன்று இழப்பினும் மாளுமெனக் கூறப்படும் கவரிமானைக் காட்டி, வகுப்பில் மானத்தின் உயர்வை நானும் போதிக்கிறேன். ஆயின், குழாய்வழி சிறுநீர் கழிப்பவன் மானமிழந்தவன் என்று எந்த ஏடு சொன்னது? காலிழந்தவன் கோலூன்றி நடந்தால் வீரம் என்கிறோம். பையொன்றை இடுப்பில் கட்டி நடந்தால் முகம் சுளிக்கிறோம். அந்தக் கூச்சத்தை நோய் தரவில்லை, தோழர்களே, நாம் தருகிறோம்!

அதற்காகக் கத்தியை மறுப்பவனைக் கோழை என்றும் கூறேன். வேறு வழிகளும் வளர்கின்றன. ஜப்பானின் சிபா நகரில் 1994 முதல் கரிம அயனிக் கதிர்களால் மருத்துவம் நடைபெறுகிறது. அறுக்கவியலாத இக்கட்டிகட்கும் அங்கே அதைப் பயன்படுத்தினர். சென்னையிலும் 2019இல் புரோட்டான் கதிர் மருத்துவம் தொடங்கிற்று. அவற்றிற்கும் தீங்குண்டு, எல்லையுண்டு. வாழ்வின் நீளத்தைவிட அதன் தன்மையே பெரிதென ஒருவன் தேர்ந்தால், அதுவும் அறிவின் முடிவே. ஒன்றே ஒன்று வேண்டும்: அவன் அறிந்து தேர்ந்திருக்க வேண்டும்!

"அறிய விரும்பாதவனும் உண்டே" எனலாம். உண்டு. அதையும் அவன் வாயால் அவனே சொல்லட்டும். அவனுக்காக அடுத்தவர் சொல்லுதல் அறமாகாது. அன்பின் பெயரால் பொய்யுரைத்து, ஒருவன் உடலை அவனறியாமல் அறுப்பதும், அறுக்காமல் விடுவதும், அவனை மனிதனாக மதியாமையே!

எனவே, உங்கள் இல்லத்தில் இத்தகு நாள் வருமாயின், கதவுக்கு வெளியே நின்று கிசுகிசுக்காதீர். நோயாளியின் கட்டிலருகே அமருங்கள். எந்த நரம்பு போகும், எது எஞ்சும், எத்தனை ஆண்டு எதிர்பார்க்கலாம் என்று மருத்துவரை அவர் முன்னிலையிலேயே கேளுங்கள். பிறகு வாய்மூடி, அவர் பேசும்வரை காத்திருங்கள்.

உயிரும் அவருடையது; மானமும் அவருடையது. முடிவும் அவருடையதாகட்டும்!