படாமல் அறிவது

பட்டறிவு என்ற சொல்லை யாரோ ரொம்ப யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும். படுவது முதலில், அறிவது பிறகு. 'பட்டாத்தான் புத்தி வரும்' என்று வீட்டில் திட்டும்போதும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்கை உடைக்கிற ஒரு காரியம் பிறந்த ஆறாவது வாரத்திலேயே குழந்தையின் தொடையில் நடந்துவிடுகிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் முதலில் வந்த பெண்டாவேலண்ட் ஊசி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமி என ஐந்துக்கும் சேர்த்து ஒரே பாடம் நடத்துகிறது. 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. (அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்கு முத்தடுப்பு ஊசி.) அப்பா யார், மாமா யார் என்றே குழந்தைக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. உடம்போ ஒருவேளை சந்திக்கவே போகாத எதிரிகளுக்கு அடையாளம் குறித்துவைத்துக்கொள்கிறது.

நடக்காத ஒன்றின் ஞாபகம். அதை ஞாபகம் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். ஹெபடைடிஸ் பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டுப் பல வருஷம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால் பலருக்கு ஆன்டிபாடி அளவு ரொம்பக் குறைந்திருக்கும். மறந்துபோச்சு என்றே தோன்றும். ஆனால் இன்னொரு ஊசி போட்டால், முதல் தடவை வாரக்கணக்கில் செய்த வேலையை உடம்பு சில நாட்களில் முடித்துவிடும். ஆன்டிபாடி மேஜைமேல் கிடக்கும் நோட்டு என்றால், நினைவு செல்கள் உள்ளறையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. கேட்டால்தான் வாய் திறப்பாள்.

'இயற்கையா வந்துபோனா இன்னும் நல்லதுதானே?' என்பார்கள். முட்டாள்தனமான கேள்வி இல்லை. 1846-இல் பரோயே தீவுகளில் தட்டம்மை பரவி, அங்கிருந்த சுமார் 7,800 பேரில் பெரும்பாலோர் படுத்தார்கள். ஆராயப் போன டென்மார்க் மருத்துவர் பீட்டர் லுட்விக் பானும் ஒன்றைக் கவனித்தார். 1781-இல் தட்டம்மை வந்து பிழைத்த கிழவர்களை நோய் இப்போது தொடவில்லை. நடுவில் 65 வருஷம். பட்டறிவுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. ஆனால் அந்தச் சான்றிதழ் பிழைத்தவர்களிடமிருந்து மட்டுமே வந்தது.

பிழைத்தவர்களும் முழுசாகப் பிழைப்பதில்லை. நெதர்லாந்தில் தட்டம்மை ஊசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. வேறு கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணோம். ஊசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு இல்லை. அதாவது தட்டம்மை தன்னைப் பற்றிய ஒரு பக்கத்தை எழுதிக்கொடுத்துவிட்டு, முந்தின பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போகிறது. பட்டதால் அறிந்தது ஒன்று, பட்டதால் மறந்தது பல.

நான் தடுமாறுவது வேறு இடத்தில். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள்வரை எல்லோருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட முடிவானபோது, வாட்ஸப்பில் வதந்தி பறந்தது. பெற்றோர் பயந்தார்கள், டாக்டர்கள் விளக்கினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்டவர்கள் ரொம்பக் கம்மியாகத்தான் இருந்திருப்பார்கள். அது யாருடைய உடம்பு?

சம்மதம் கேட்காமல் தாய்மொழியைக்கூடத்தான் கொடுக்கிறோம் என்று ஒரு பதில் உண்டு. எனக்கு அது பாதிதான் போதும். ஊசி போடாமல் விடுவதும் குழந்தையைக் கேட்காமல் எடுக்கும் முடிவுதான் என்பது மீதிப் பாதி. ஆனால் ஐந்து நோய் ஒரே ஊசியில் வருவதால் ஐந்துக்கும் ஒரே நியாயம் என்று ஆகாது. ரணஜன்னி ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. நான் அந்த ஊசியைத் தவிர்த்தால் போகிறது என் உயிர். தட்டம்மை அப்படி இல்லை. பக்கத்து வீட்டு எட்டு மாதக் குழந்தைக்கு முதல் தவணைக்கே இன்னும் வயசாகவில்லை. அதற்கு இருக்கும் ஒரே மறைப்பு, சுற்றியுள்ள உடம்புகளின் ஞாபகம்.

ரணஜன்னியின் ஞாபகம் மங்கும். அதனால் 10 வயதிலும் 16 வயதிலும் மறுபடி ஊசி உண்டு. 16 வயதில் பிள்ளை ஏன், எதற்கு என்று கேட்கலாம், வாக்குவாதம் செய்யலாம். தட்டம்மைக்கு இரண்டு தவணையும் இரண்டு வயசுக்குள் முடிந்துவிடும். அங்கே கேட்பதற்கு ஆள் இருக்கிறது, பதில் சொல்லப் பேச்சுதான் இன்னும் வந்திருக்காது.