மறைப்பதும் பொய்யோ?



சென்ற மே மாதம் நம் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பேருந்து ஏற்பாடு செய்திருந்தோம் அல்லவா? போக விரும்பியோர் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகிய மூன்றையும் எழுதித் தரும்படி கேட்டிருந்தேன். எழுதித் தந்தீர்கள். யாத்திரையும் நல்லபடியாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து, கல்லூரியில் படிக்கும் நம் பெண் ஒருத்தி பூசை முடிந்ததும் என்னிடம் வந்து, "சாமி, வீட்டுமனை விற்கிறவர்களுக்கு என் முகவரியைக் கொடுத்தீர்களா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. எந்த மனைக்காரரையும் நான் அறியேனே!

அவள் தன் கைப்பேசியைக் காட்டினாள். யாத்திரைத் தாளில் அவள் தன் வழக்கமான முகவரியை எழுதவில்லை. தன் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியிட்டு, "கோவில்" என்ற சொல்லையும் சேர்த்து எழுதியிருக்கிறாள். ஜிமெயிலில் கூட்டல் குறிக்குப் பின் என்ன எழுதினாலும் கடிதம் அதே பெட்டிக்குத்தான் வந்து சேருமாம். ஒவ்வொரு கடைக்கும் இப்படி ஒவ்வொரு சொல்லைச் சேர்த்துக் கொடுப்பது அவள் வழக்கம். மனை விளம்பரமோ "கோவில்" என்ற முகவரிக்கு வந்திருந்தது. அதை அவள் கொடுத்தது என் ஒருவனிடம் மட்டுமே.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேருந்து ஏற்பாடு செய்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். நானோ எண்ணிச் சொல்லச் சோம்பி, தாளையே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற உபதேசியார் என்னைக் காப்பாற்ற முன்வந்தார். "கோவிலுக்கே மாற்று முகவரியா? இது பொய் அல்லவா, சாமி?" என்றார். நல்ல கேள்விதான். இக்கட்டுரை எழுதக் காரணமும் அதுவே.

பொய் என்பது யாது? தன் மனதிலிருப்பதற்கு மாறானதைப் பிறரை ஏமாற்றும்படி சொல்வது. உயிரைக் காப்பாற்றுவதற்காகக்கூடப் பொய் சொல்லலாகாது என்று கண்டிப்பாய்ப் போதித்தவர் அர்ச். அகுஸ்தீனார். அவ்வளவு கண்டிப்புள்ளவரே, பொய் சொல்வது வேறு, உண்மையை வெளியிடாது வைத்திருப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். அர்ச். தோமாஸ் அக்குயினாசும் அதையே எடுத்தாண்டார். அந்தப் பெண் எழுதிய முகவரிக்கு நான் கடிதம் போட்டிருந்தால் அது அவளுக்குத்தான் போயிருக்கும். ஆகவே அது மெய்யான முகவரியே.

ஆனால் இவ்வழியில் வெகுதூரம் போய்விடக்கூடாது. வாயால் ஒன்று சொல்லி, மீதியை மனதுக்குள்ளே சொல்லிக்கொண்டு, பொய் சொல்லவில்லை என்று சாதித்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். 1679-ல் பதினோராம் இன்னொசெந்து பாப்பானவர் அந்தக் கொள்கையைக் கண்டித்தார். கடைக்காரன் தொல்லை பொறாமல் ஏதோ ஒரு முகவரியைக் கற்பனையாய் எழுதிவிடுகிறோமே, அது என்ன? அந்த முகவரி எங்கோ இருக்கும் ஒருவருக்குச் சொந்தமாயிருக்கலாம். நம் தலைவலியை முன்பின் அறியாத ஒருவர் தலையில் கட்டிவிட்டோம். இது மறைப்பு அல்ல, அநியாயம். இன்னும், மொட்டைக் கடிதம் எழுதுகிறவருக்கும் மாற்று முகவரி வசதிதான். குருவானவர்களுக்கு மொட்டைக் கடிதம் புதிதல்ல. என் மேசையிழுப்பிலும் சில உண்டு. வியாபாரியிடமிருந்து தன் வீட்டை மறைப்பவரையும், தான் சொன்ன சொல்லுக்குப் பதில் சொல்லாமல் ஒளிகிறவரையும் ஒன்றாக எண்ணலாகாது. கடன் கொடுத்தவருக்கும், வங்கிக்கும், நீதிமன்றத்துக்கும் நம்மை அறிய உரிமை உண்டு. செருப்புக் கடைக்கு அவ்வளவு உரிமை இல்லை.

"நான் ஒரு தப்பும் செய்யவில்லை, எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். தப்புச் செய்யாதவரும் வீட்டுக்குக் கதவு வைக்கிறார். ஒரே முகவரியைச் சர்க்கரை வியாதி மாத்திரை வாங்கிய இடத்திலும், மகளுக்கு வரன் தேடிய இடத்திலும், கடன் கேட்ட இடத்திலும் கொடுத்தால், அந்த ஒரு நூலைப் பிடித்து மூன்றையும் கோத்துவிடலாம். கோப்பவர் உங்கள் நன்மையை நாடுபவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 2013-ல் யாகூ நிறுவனத்தில் நடந்த களவில் 300 கோடிக் கணக்குகளும் அகப்பட்டன என்பது 2017-ல்தான் வெளியாயிற்று.

கூட்டல் குறி ஒரு சிறு தட்டிதான். கைதேர்ந்த வியாபாரி அதை வெட்டி எறிந்துவிட்டு உண்மை முகவரியைக் கண்டுகொள்வான். அதைவிடத் திறமானவை உண்டு. ஆப்பிள் நிறுவனமும், மொஸில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ரிலேயும், சிம்பிள்லாகினும் சம்பந்தமில்லாத ஒரு முகவரியை உண்டாக்கித் தந்து, அங்கு வரும் கடிதத்தை உங்கள் பெட்டிக்கு அனுப்பிவைக்கின்றன. தொல்லை வந்தால் அந்த முகவரியை மட்டும் மூடிவிடலாம். ஆயினும் இடையிலிருந்து அனுப்பிவைப்பவரை நம்பித்தானாக வேண்டும். மேலும், முகவரியை மாற்றிவிட்டுப் பழைய தொலைபேசி எண்ணையே எழுதிக் கொடுத்தால், முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்துவைத்த கதைதான்.

இனி என் பங்குக்கு வருகிறேன். இரகசியம் மூவகை என்று குருமடத்தில் படித்தோம். தன்னியல்பிலேயே வெளியிடத்தகாதது ஒன்று. வெளியிடுவதில்லை என்று வாக்களித்தது மற்றொன்று. காப்பான் என்று நம்பி ஒப்படைக்கப்பட்டது மூன்றாவது. இது முந்திய இரண்டையும்விடக் கனமானது. யாத்திரைத் தாள் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் கண்ணின் மணிபோல் காக்கிறவன், ஒரு தாளில் ஐம்பது குடும்பங்களின் வாசலைத் திறந்துவிட்டேன். தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள எவருக்குமுள்ள உரிமையைப் பழுதாக்கலாகாதென்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், 220-ம் பிரிவில் சொல்கிறது. நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2017 ஆகஸ்ட் 24-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. இரண்டையும் நான் படித்தவன்தான்!

உபதேசியார் அந்தப் பெண்ணைக் கேட்ட கேள்விக்கு உரியவன் நான்.

தாளைத் திருப்பித் தரும்படி பேருந்துக்காரரைக் கேட்டேன். தந்துவிட்டார், ஆனால் முன்பே கைப்பேசியில் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். படத்தை எப்படித் திரும்ப வாங்குவது? அந்தப் பெண்ணுக்குக் கவலை இல்லை. "கோவில்" முகவரிக்கு வருவதெல்லாம் நேரே குப்பைக்குப் போகும்படி செய்துகொண்டாள். உங்களில் மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. மனைக்காரரிடமிருந்து அழைப்போ கடிதமோ வந்தவர்கள் தயவுசெய்து என்னிடம் தெரிவியுங்கள். அடுத்த யாத்திரைக்கான தாள் கோவில் வாசலில் இருக்கிறது. அதில் வீட்டுக்கு எத்தனை பேர் என்ற கட்டம் மட்டுமே உண்டு.