250 சொற்களில் எழுதாதது

மார்க்ஸ் டோர்மோய் மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவொன்றில் ஒரே அறையில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். மூவருக்கும் றெஸ்ரோறன்ற் வேலை. ஒருவர் கோப்பை கழுவுகிறார், ஒருவர் மரக்கறி வெட்டுகிறார், ஒருவர் அடுப்படிவரை உயர்ந்திருக்கிறார். மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள். மூவருமே ஊரில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்து, பட்டம் பெறாமல் வெளியேறியவர்கள். ஆகவே இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது மூவரையும்தான். மூவரும் கதைத்து, பிடுங்குப்பட்டு, ஒருவர் கையால் எழுதியது இது.

சென்ற வருடம் நாங்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழி டிப்ளோமுக்குப் பதிந்தோம். இது அரசின் தேசியப் பட்டங்களில் ஒன்றல்ல. அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் பெயரில் கொடுக்கும் டிப்ளோம். "காட்டுக்குத்தானே? அதற்குச் சின்னச் சோதனைகள் இருக்கின்றனவே, ஏன் காசையும் நேரத்தையும் கொட்டுகிறீர்கள்?" என்று லாச்சப்பலில் கேட்காதவர் இல்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு வேறொரு ஆசையும் இருந்தது. பிரெஞ்சில் 'பே2' என்ற தரத்தை எட்டினால், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பாடநெறிக்கு விண்ணப்பிக்கலாம். ஊரில் முறிந்த படிப்பை இங்கே எங்காவது ஒட்டவைக்கலாமா என்ற ஆசை அது. முப்பது வயதுக்கு மேல் அதை வெளியே சொல்ல வெட்கமாயிருந்தது.

றெஸ்ரோறன்றில் மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் சம்பளமில்லாத மூன்று மணித்தியாலம் இருக்கிறது. 'கூப்யூர்' என்பார்கள். அந்நேரத்தில் பலர் பூங்கா வாங்கில் கால் நீட்டுவார்கள். நாங்கள் வெங்காய மணத்தோடு வகுப்புக்கு ஓடினோம். முதல் நாள் ஆசிரியை எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டார். "மார்க்ஸ் டோர்மோய்" என்றோம். அவருக்கு விளங்கவில்லை. மூன்றாம் முறை சொன்ன பிறகு, "ஆ! டோர்முவா!" என்றார். எழுத்தைக் கூட்டி வாசித்தபடியே வருடக்கணக்காய் அப்படிச் சொல்லி வந்திருக்கிறோம். எங்களுக்கு முன் வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். மார்க்ஸ் என்றதும் தாடிக்கார மார்க்ஸ் என்றே எங்களில் ஒருவர் நெடுநாள் நம்பியிருந்தார்.

பெப்ரவரியில் மாதிரிப் பரீட்சை வந்தது. கட்டுரைத் தலைப்பு இது: 'ஒரு நாட்டுக்கு வாழ வருபவரை அந்நாட்டு மொழியைக் கற்குமாறு கட்டாயப்படுத்தலாமா? 250 சொற்களில் உங்கள் கருத்தை நியாயப்படுத்துக.' மூவரும் வேறு வேறு மேசையில் இருந்தோம். மூவரும் 'ஆம்' என்றே எழுதினோம். முதலாவதாக, மேலும், மறுபுறத்தில், எனினும், ஆகவே என்று வகுப்பில் படித்த இணைப்புச் சொற்களையெல்லாம் வரிசையாகப் போட்டோம். மொழியே கதவு, மொழியே வேலை, மொழியே நன்றி. நல்ல புள்ளிகள் கிடைத்தன. ஆனால் அன்றிரவு அறையில் ஒருவருக்கும் சந்தோஷமில்லை. ஏன் என்பதைச் சொல்ல ஊருக்குப் போகவேண்டும்.

எங்களில் ஒருவரின் அப்பப்பா கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அதன்பின் அரச சேவைக்கு வந்த தமிழர்கள் குறித்த காலத்துக்குள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்றார்கள். சித்தியடையாதவருக்குச் சம்பள உயர்ச்சி நின்றது. பிறகு வேலையே ஆட்டம் கண்டது. 1961இல் வடக்குக் கிழக்கில் கச்சேரி வாசல்களில் சத்தியாக்கிரகம் நடந்தபோது, இருந்தவர்களைத் தாண்டி உள்ளே போக மனமில்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம். பரீட்சைக்கு அவர் போகவேயில்லை. ஆங்கிலமும் சமஸ்கிருதமும் வாசித்த மனிதருக்குச் சிங்களம் ஒரு மலையல்ல. படிக்கமாட்டேன் என்றார். கடைசியில் வேலையை விட்டு வெங்காயம் நட்டார். அடைவுக்குப் போன அப்பம்மாவின் தாலிக்கொடி திரும்பி வரவில்லை.

பக்கத்து வளவுக்காரரும் அதே கச்சேரியில்தான் வேலை செய்தார். அவர் இராவில் விளக்கை வைத்துப் படித்துச் சித்தியடைந்தார். அப்பப்பா அவரோடு முப்பது வருடத்துக்கு மேல் கதைக்கவில்லை. வேலி அடைக்கும் நாளில்கூட ஆள் விட்டே சொல்லுவாராம். 1996இல், வலிகாமம் இராணுவத்தின் கைக்குப் போன பின்னர், ஒரு நாள் சித்தப்பாவைச் சோதனைச் சாவடியில் மறித்து வைத்துவிட்டார்கள். வீட்டில் குழறல். யாரும் கூப்பிடாமலேயே பக்கத்து வளவுக்காரர் வேட்டியை மாற்றிக்கொண்டு நடந்துபோனார். சிங்களத்தில் கதைத்தார். பின்னேரம் சித்தப்பாவோடு திரும்பி வந்தார். படலையடியில் நின்ற அப்பப்பா, "வாரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார். அவ்வளவுதான். அன்று எங்கள் நண்பருக்கு ஆறு வயது. அந்தத் தேத்தண்ணிக்கு இரண்டு கிழவர்களும் ஒன்றும் பேசாமல் இருந்ததை இன்றைக்கும் சொல்லுவார்.

இக்கதையை வைத்து அப்பப்பா பிழை, பக்கத்து வீட்டார் சரி என்று கணக்கு முடிக்க எங்களால் இயலவில்லை. தமிழும் அரசகரும மொழியாகும் என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்ல 1987 வரை செல்லவேண்டியிருந்தது. இடையிலிருந்த முப்பத்தொரு வருடமும் 'இது அநியாயம்' என்று சொன்னவர்களில் அப்பப்பாவும் ஒருவர். வயிற்றைக் கட்டிச் சொன்னார். ஆனால் அவர் சட்டத்தை மறுத்தபோது மொழியையும் சேர்த்து மறுத்துவிட்டார். ஒரு மொழியைப் பேசும் சனத்தையும், அதைத் தடியாகப் பிடித்த அரசையும் ஒன்றாகவே கண்டார். நாங்கள் பெப்ரவரியில் செய்தது அதன் மறுபுறம். மொழியை ஏற்றுக்கொண்டபோது சட்டத்தையும் சேர்த்து ஏற்று, 250 சொற்களில் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டோம். அப்பப்பா கோப்பை நிறையக் கஷ்டப்பட்டு மறுத்ததை, பேரன் இருபது புள்ளிக்குப் பதினைந்துக்காக ஆம் என்றான். எங்களை உறுத்தியது இதுதான்.

ஒப்பிடலாமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே எங்கள் மண்ணில், எங்கள் காகிதத்தை வாங்கும் யன்னலில், எங்கள் மொழி செல்லாக்காசாக்கப்பட்டது. இங்கே வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். பிரெஞ்சு அரசு தமிழில் கடிதம் எழுதவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. வைத்தியசாலையில், பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும். அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் வேறிடத்தில். ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட அளவுகோலில் மொழியறிவுக்கு ஆறு படிகள்: ஆ1, ஆ2, பே1, பே2, சே1, சே2. பிரான்சில் 2024 ஜனவரி 26ஆம் திகதிச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல், பலவருட வதிவிட அட்டைக்கு ஆ2, பத்து வருட அட்டைக்கு பே1, பிரஜாவுரிமைக்கு பே2 வேண்டும். முன்னர் பிரஜாவுரிமைக்கே பே1 போதுமாயிருந்தது. அகதி அந்தஸ்துப் பெற்றவருக்குப் பத்து வருட அட்டை மொழித் தடையின்றிக் கிடைக்கும்; பிரஜாவுரிமை என்று வரும்போது அவரும் அதே வரிசையில்தான் நிற்கவேண்டும். அரசின் இலவச வகுப்புகளோ அந்தஸ்துக் கிடைத்த பிறகுதான் தொடங்குகின்றன. மொழி மிகவும் தேவைப்படுகிற காத்திருப்புக் காலத்தில் அவை இல்லை. காலை ஒன்பதரைக்குப் போய் இரவு பன்னிரண்டுக்குக் கடைசி மெற்றோ பிடிக்கிறவரிடமும், பின்னேரம் ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறவரிடமும் ஒரே படியைக் கேட்பது சமத்துவம்போலத் தெரியும். எங்கள் கைகளில் நாள் முழுக்க வேலை வாங்குகிற நகரம், அந்த வேலையே தின்றுவிட்ட நேரத்தை எங்கே என்று கேட்கிறது.

குசினியில் நாங்கள் கற்ற பிரெஞ்சைச் சொல்லவேண்டும். 'ஷோ' என்றால் சூடு, விலகு. 'வித்' என்றால் கெதியாய். 'வி, ஷெஃப்' என்றால் ஓம். ஏழு வருடத்தில் சேர்ந்தது நூறு சொல், முக்கால்வாசி ஏவல். அந்தப் பிரெஞ்சில் 'ஆனால்' இல்லை, 'ஒருவேளை' இல்லை, நேற்று, நாளை இல்லை. எங்களில் ஒருவரின் அகதி விசாரணையில், காணாமற்போன 'அண்ணா' என்று சொன்னது எழுத்தில் 'சகோதரன்' ஆகியது. ஒரே தாயின் பிள்ளையா என்று கேட்டார்கள். இல்லை, பெரியப்பாவின் மகன் என்றார். முரண்பாடு என்று குறித்துக்கொண்டார்கள். மொழிபெயர்த்தவரில் பிழையில்லை. எங்கள் மொழியில் அண்ணா அண்ணாதான். ஆனால் அந்த வேறுபாட்டைத் தானே வாய் திறந்து விளக்க அவரிடம் அன்று மொழி இருக்கவில்லை. தன் வாழ்க்கை இன்னொருவர் வாயால் போவதைப் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தார். பிரெஞ்சு எங்களுக்கு வேண்டும் என்பதற்கு இதைவிட நியாயம் வேண்டியதில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டும்.

இதே நகரில் எதிர்த்திசையிலும் ஆட்கள் நடக்கிறார்கள். 13ஆம் வட்டாரத்தில், றூ தே கிறான் மூலன் தெருவில் இனால்கோ இருக்கிறது. 1795இல் கீழைத்தேய மொழிகளுக்கென்று தொடங்கிய பள்ளி அது. சிறுவயதைக் காரைக்காலில் கழித்த ஜூலியன் வின்சோன் அங்கே தமிழ் கற்பித்தார். 1903இல் பிரெஞ்சுக்காரருக்கென ஒரு தமிழ்ப் பாடநூலையும் வெளியிட்டார். ஒரு நாள் லாச்சப்பல் கடையொன்றில், தமிழ் படிக்கும் பிரெஞ்சு மாணவி ஒருத்தி, "ஐயா, எனக்கு இரண்டு வடைகள் வேண்டும்" என்று ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். 'ழ'வும் 'ள'வும் எங்கெல்லாமோ போய்வந்தன. கடை முழுக்கச் சிரிப்பு, அன்பான சிரிப்பு. முதலாளி காசு வாங்கவில்லை. எந்தப் படியில் நிற்கிறாய் என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவள் பிழை விடவிட அவளை எங்களுக்குப் பிடித்தது. நாங்கள் யன்னலில் நின்று ஒரு பால்விகுதியைப் பிழையாகச் சொன்னால் முகங்கள் வேறுமாதிரிப் போகின்றன. அவளில் எங்களுக்குப் பொறாமையில்லை. ஒரு மொழியைக் கற்க மனிதருக்கு என்ன வேண்டும் என்பதை அன்று அந்தக் கடையில் கண்டோம். பிழைவிட்டால் தண்டிக்காத ஓரிடம் வேண்டும்.

எங்களுக்கு அப்படி ஓரிடம் வகுப்பறைதான். மாதிரிப் பரீட்சைத் தாள்களைத் திருப்பித் தந்தபோது மூன்றின் கீழும் ஏறத்தாழ ஒரே குறிப்பை ஆசிரியை எழுதியிருந்தார். மொழி நன்று, ஆனால் இது உங்கள் கருத்தா? முதலில் கோபம் வந்தது. கேட்டதைத்தானே கொடுத்தோம்! பிறகு யோசித்துப் பார்த்தோம். பிரெஞ்சில் எங்களிடம் பெயர் கேட்டிருக்கிறார்கள், பிறந்த திகதி கேட்டிருக்கிறார்கள், எந்தப் பாதையால் வந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று இத்தனை வருடத்தில் கேட்டது அந்தச் சிவப்பு மைதான்.

அன்று வகுப்பு முடிய, எங்கள் நிலையத்துக்காரர் யார் என்று அவரிடம் கேட்டோம். மார்க்ஸ் டோர்மோய் ஒரு சோசலிஸ்ட். 1936 நவம்பரில் உள்துறை அமைச்சரானவர். இன்று எங்கள் காட்டுகளைத் தரும் அதே அமைச்சு. 1940 ஜூலை 10இல் பெத்தானுக்கு முழு அதிகாரம் கொடுக்கும் வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்த எண்பது பேரில் ஒருவர். 1941 ஜூலையில் மொந்தெலிமாரில் படுக்கைக்குக் கீழ் வைத்த குண்டால் கொல்லப்பட்டார். தோர்சி என்றிருந்த நிலையத்துக்கு 1946இல் அவர் பெயரை வைத்தார்கள். இந்த மொழியில் 'இல்லை' என்று சொல்லிச் செத்த ஒருவரின் பெயரை நாங்கள் தினமும் பிழையாக உச்சரித்துக்கொண்டு 'ஆம்' என்று எழுதியிருக்கிறோம்.

இனி எங்கள் கருத்து. வாழும் நாட்டின் மொழியைக் கற்பது நல்லது. கற்க மறுப்பவர் முதலில் தனக்கும் பிறகு பக்கத்து வீட்டானுக்கும் நட்டம் செய்கிறார். அதற்காக ஒரு மனிதரின் இருப்பை மொழிப் பரீட்சையில் தொங்கவிடுவது நீதியல்ல. கொழும்பில் செய்தாலும் பாரிஸில் செய்தாலும் அல்ல. கற்க நேரமும் இடமும் கொடுக்காமல் கேட்பது இன்னும் கூடாது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே வாயால் சொல்லலாம். அப்பப்பா ஒன்றைச் சொன்னார், பக்கத்து வளவுக்காரர் மற்றதைச் செய்தார். இரண்டும் சேர்ந்திருந்தால் அந்த முப்பது வருட வேலி இருந்திருக்காது.

ஜூனில் பரீட்சை நடந்தது. இருவர் சித்தியடைந்தோம். மூன்றாமவர், எங்களில் நன்றாகப் பேசக்கூடியவர், வாய்மொழிப் பரீட்சைக்குப் போகவில்லை. அன்று குசினியில் ஒருவர் வரவில்லை, இவரை விடவில்லை. தகுதிக் குறைவு என்று தாளில் இல்லை; வரவில்லை என்றே இருக்கிறது. அடுத்த வருடத்துக்கு மறுபடி பதிந்திருக்கிறார். இரவில் சோறு வடித்துவிட்டு, அந்தப் பழைய தலைப்புக்கு மறுபடி எழுதிப் பழகுகிறார். இம்முறை கச்சேரியில் தொடங்குகிறார். 250 சொற்களைத் தாண்டிவிடுகிறது. வெட்டிக் குறைக்கச் சொன்னால் கேட்கிறாரில்லை.

எண்பதுகளில் வகுப்பும் டிப்ளோமும் இல்லாமல் இந்த மொழிக்குள் வந்து விழுந்த மூத்தவர்கள் இவ்விதழின் வாசகர்களில் பலர். நீங்கள் எப்படிக் கற்றீர்கள், எதைக் கற்க மறுத்தீர்கள் என்பதையும் எழுதவேண்டும். எங்கள் பதிலோடு நீங்கள் உடன்படவேண்டியதில்லை.